இரவல் மேசை என்னும் ஆய்வுக்கூடம்

ஒரு புத்தகத்தை எழுதியவர் யார் என்று அதன் அட்டையே சொல்லிவிடும். பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டு, என்ன விலை என்பதெல்லாம் உள்பக்கத்தில் இருக்கும். அதைப் படித்தவர் யார் என்று சொல்லத்தான் எந்தப் பக்கமும் கிடையாது. எத்தனை படிகள் விற்றன என்று பதிப்பாளருக்குத் தெரியும். வாங்கியவர் முதல் அத்தியாயத்தைத் தாண்டினாரா என்பது அவருக்கும் தெரியாது. அச்சுக்கலை தோன்றி நான்கரை நூற்றாண்டுகள் ஆன பிறகும் வாசகர் என்பவர் முகமில்லாத ஆளாகவே இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியும் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியர் நம்பினார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பல்கலைக்கழகம் அல்ல. பொது நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசை.

வால்டர் ஹோஃப்மான் 1879-ல் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். உலோகத்தில் செதுக்கு வேலை பழகியவர்; மற்றதையெல்லாம் தானாகப் படித்துக்கொண்டவர். பட்டம் பெற்ற அறிஞர்களே நூலகர்களாக இருந்த நாட்டில் இப்படி ஒருவர் அந்தத் துறையின் தலைமைக்கு வந்தது அபூர்வம். வந்தபின் அவர் கிளப்பிய சண்டை அதைவிட அபூர்வம். ஜெர்மன் நூலகத் துறையை இருபது ஆண்டுகளுக்கு மேல் இரண்டு அணிகளாகப் பிரித்து வைத்த சண்டை அது.

புத்தகம் நிறைந்த நாட்டில் புத்தகம் இல்லாதவர்கள்

அன்றைய ஜெர்மனியில் நூலகங்களுக்குக் குறைவில்லை. அரசவை நூலகங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் உலகப் புகழ் பெற்றிருந்தன. ஆனால் ஆலைத் தொழிலாளியோ, கடையில் வேலை பார்க்கும் பெண்ணோ உள்ளே போய்ப் புத்தகம் கேட்கக்கூடிய இடங்கள் அவை அல்ல. அவர்களுக்கென்று இருந்த 'மக்கள் நூலகங்கள்' பெரும்பாலும் தர்மக் காரியங்கள். நன்கொடையாக வந்த பழைய புத்தகங்கள், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் திறக்கும் கதவு, ஏழைக்கு இது போதும் என்ற மனப்பான்மை.

1890-களில் இது மாறத் தொடங்கியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எல்லா வகுப்பினரும் ஒரே வாசல் வழியாக நுழையும் நூலகங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அதே போன்றவை தங்கள் நாட்டிலும் வேண்டும் என்று எழுதினார்கள், பேசினார்கள். 1895-ல் பெர்லினில் ஒரு பொது வாசிப்புக்கூடம் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் போனா பைசர், புத்தகப் பதிப்பாளரின் மகள். ஜெர்மனியின் முதல் தொழில்முறைப் பெண் நூலகர் என்று இன்று அறியப்படுபவர். 1929-ல் இறக்கும்வரை நூலகமே அவர் வாழ்க்கையாக இருந்தது.

இந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் அறிவியல்காரர்களும் இருந்தார்கள். பெர்லின் கூடத்தைத் தொடங்கிய சங்கத்தின் முன்னணியில் நின்ற வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர் ஒரு வானியலாளர். பெர்லின் வானாய்வகத்தின் இயக்குநர். யேனா நகரில் 1896-ல் வாசிப்புக்கூடம் வந்ததற்குப் பின்னால், நுண்ணோக்கியின் ஒளியியலுக்குக் கணித அடித்தளம் போட்ட எர்ன்ஸ்ட் அபே இருந்தார். 1899-ல் எஸ்ஸன் நகரில் க்ரூப் எஃகு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகப் பெரிய நூலகம் ஒன்றைத் திறந்து, பவுல் லாடெவிக் என்ற நூலகரை அமர்த்தியது.

ஹோஃப்மானின் வாய்ப்பு டிரெஸ்டனின் புறநகரான பிளௌவனில் வந்தது. அங்கே பீனர்ட் குடும்பத்துக்குப் பெரிய மாவு ஆலை இருந்தது. அந்த வீட்டு மருமகள் ஈடா பீனர்ட் பிற்காலத்தில் கிளே, மோன்ட்ரியான் ஓவியங்களைச் சேகரித்த கலை ஆர்வலர். ஆலைகள் சூழ்ந்த அந்தப் பகுதியில் ஓர் இலவச நூலகம் வேண்டும் என்று நினைத்த அவர், அதை அமைக்கும் பொறுப்பை ஹோஃப்மானிடம் கொடுத்தார். 1906-ல் நூலகம் திறந்தது.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

அக்காலத்தில் நூலகத்தின் வெற்றியை அளக்க ஒரே அளவுகோல்தான் இருந்தது. ஆண்டுக்கு எத்தனை புத்தகங்கள் இரவல் போயின? எண்ணிக்கை ஏறினால் வெற்றி, இறங்கினால் தோல்வி. அந்த எண்ணிக்கையை ஏற்றுவதற்கே கருவிகளும் பிறந்தன. பிரிட்டிஷ் நூலகங்களில் 1870-களிலிருந்து பரவிய காட்டிப் பலகை அவற்றில் ஒன்று. ஆல்ஃப்ரட் காட்கிரீவ் வடிவமைத்தது மிகவும் பெயர் பெற்றது. மேசைமேல் நிற்கும் பெரிய சட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு தகரத் தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகத்தின் எண். தட்டின் ஒரு முனையில் நீலம், மறுமுனையில் சிவப்பு. நீலம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது. சிவப்பு தெரிந்தால் வெளியே போயிருக்கிறது. வாசகர் அட்டவணையில் எண்ணைப் பார்த்து, பலகையில் நிறத்தைப் பார்த்து, எண்ணை மட்டும் சொன்னால் போதும். ஊழியர் எடுத்து நீட்டுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வேலை வேகமாக நடக்கும், வரிசை நகரும், எண்ணிக்கை ஏறும்.

ஹோஃப்மானுக்கு இந்த வேகமே உறுத்தியது. ஒரு லட்சம் புத்தகங்கள் இரவல் போயின என்றால் அதற்கு என்ன பொருள்? ஒரே மலிவான தொடர்கதையை ஆயிரம் பேர் எடுத்ததும், ஒரு கடைசல் தொழிலாளி தன் தொழிலைப் பற்றிய நூல் ஒன்றைத் தேடி எடுத்ததும் இந்தக் கணக்கில் வெறும் எண்கள்தான். யார் கைக்கு எது போனது என்பது பதிவாகவே இல்லை. வாசகரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே தருணத்தை, அதாவது அவர் வாய் திறந்து ஒரு புத்தகத்தைக் கேட்கும் தருணத்தை, இந்தக் கருவி வீணாக்குகிறது என்று அவர் கருதினார்.

ஆகவே அவர் மேசையை வேறு விதமாக அமைத்தார். புத்தக அடுக்குகள் மூடியே இருக்கும்; வாசகர் மேசைக்கு வந்து நூலகரோடு பேசித்தான் எடுத்துப் போக வேண்டும். நூலகர் அவரை அறிந்தவராக இருக்க வேண்டும். நடப்பதெல்லாம் இரண்டு இடங்களில் பதிவாகும். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கையேடு; அவர் எடுத்தவை எல்லாம் அதில் ஏறும். புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. அதை எடுத்தவர்கள் எல்லாம் அதில் ஏறுவார்கள்.

மளிகைக் கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பற்று நோட்டு இருக்கும். சரக்கு வாரியாக இன்னொரு கணக்கும் இருக்கும். நடந்த வியாபாரம் ஒன்றுதான். ஒரு நோட்டைப் புரட்டினால் குடும்பத்தின் சமையலறை தெரியும். மற்றதைப் புரட்டினால் துவரம்பருப்பு எந்தத் தெருவில் போகிறது என்று தெரியும். ஹோஃப்மானின் இரு பதிவுகளும் அப்படித்தான். கையேட்டை வாசித்தால் ஒரு மனிதர் ஆண்டுக் கணக்கில் எந்தப் புத்தகத்திலிருந்து எந்தப் புத்தகத்துக்குப் போனார் என்ற பயணம் விரியும். சீட்டை வாசித்தால் ஒரு நூலைத் தேடி வந்தவர்கள் எந்தத் தொழில், எந்த வயது, ஆணா பெண்ணா என்ற கூட்டம் தெரியும்.

காகிதத்தில் ஒரு பேரட்டவணை

இன்றைய கணினி அறிவியல் படித்தவருக்கு இது பழகிய உருவம். வரிசைகளில் வாசகர்கள், நெடுவரிசைகளில் புத்தகங்கள், எடுத்திருந்தால் கட்டத்தில் ஒரு குறி. கிடைமட்டமாக வாசித்தால் ஹோஃப்மானின் கையேடு. செங்குத்தாக வாசித்தால் அவருடைய சீட்டு. இணையக் கடையில் "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று வரும் பரிந்துரை, இரண்டு நெடுவரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எத்தனை குறிகள் பொருந்துகின்றன என்று பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

இந்த அட்டவணையின் பெரிய சிக்கல் அதன் வெறுமை. ஒரு நூலகத்தில் 2,000 வாசகர்கள், 5,000 புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்கள் ஒரு கோடி. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20 புத்தகங்கள் எடுத்தால் நிரம்புவது 40,000 கட்டங்கள். ஆயிரத்துக்கு நான்கு. மீதியெல்லாம் காலி. 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து ஆய்வாளர்களிடம் கொடுத்த தரவிலும் இதே நிலைதான். சுமார் 4.8 லட்சம் பயனர்கள், 17,770 படங்கள், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள். அப்படியும் நிரம்பிய கட்டங்கள் நூற்றுக்கு ஒன்றே சொச்சம்தான். இவ்வளவு வெறுமையிலிருந்து ஒரு மனிதரின் ரசனையை எப்படி ஊகிப்பது?

ஒருவரைத் தனியாகப் பார்த்தால் தடயம் போதாது. அவரைப் போன்றவர்களோடு சேர்த்துப் பார்த்தால் போதும். இன்றைய நிரல்கள் அந்தக் குழுக்களைக் கணக்கால் கண்டுபிடிக்கின்றன. ஹோஃப்மான் அவற்றைச் சமூகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். மனிதர்கள் தனித்தனி அணுக்களாகப் படிப்பதில்லை, ஒவ்வொருவரும் ஒரு வாழ்க்கை வட்டத்துக்குள் நின்றே படிக்கிறார்கள் என்பது அவர் கொள்கை. தொழில், வகுப்பு, பால், வயது ஆகியவை அந்த வட்டத்தின் கோடுகள். அவற்றை அறிந்தால், 'பொதுமக்கள் என்ன படிக்கிறார்கள்' என்ற விடையில்லாத கேள்வி உடைந்து, விடை தேடக்கூடிய பல சிறு கேள்விகளாகிவிடும்.

1913-ல் லைப்சிக் மாநகராட்சி தன் பொது நூலகங்களை உருவாக்க அவரை அழைத்தது. ஜெர்மன் புத்தக வணிகத்தின் தலைநகரம் அது. முந்தைய ஆண்டுதான், ஜெர்மன் மொழியில் வெளிவரும் அனைத்தையும் திரட்டுவதற்கான பெருநூலகம் அதே ஊரில் நிறுவப்பட்டிருந்தது. அதற்கு நேர் எதிரான வேலையை ஹோஃப்மான் எடுத்துக்கொண்டார்: இந்தக் கடலிலிருந்து எதைப் பொறுக்கி யாருக்குக் கொடுப்பது? 1914-ல் முதல் நூலகம் திறந்தது. நூலகர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியும் எழுந்தது. அந்தத் தொழிலில் பெண்கள் பெருமளவில் நுழைய அப்படிப்பட்ட பள்ளிகள் வழி திறந்தன. 1926-ல் வாசகரையும் நூல்களையும் ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1931-ல் பெண்களின் வாசிப்பைப் பற்றிய அவருடைய நூல் வந்தது.

அந்த ஆண்டே ஒரு சந்திப்பு முனை. சிகாகோவில் டக்ளஸ் வேப்பிள்ஸும் ரால்ஃப் டைலரும், மக்கள் எந்தப் பொருள்களைப் பற்றிப் படிக்க விரும்புகிறார்கள் என்ற ஆய்வை 1931-ல் வெளியிட்டார்கள். சென்னையில் எஸ். ஆர். ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வந்ததும் 1931-ல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று அவரும் இதே பொருத்தத்தைத்தான் பேசினார். ஆனால் அடுக்குகளைத் திறந்துவிட வேண்டும் என்று வாதிட்டார். கேள்வி ஒன்று, வழிகள் வேறு.

அளப்பவரின் கை

வழிகள் பிரிந்த இடம் முக்கியமானது. ஹோஃப்மானுக்கு வாசகரை அறிவது முடிவல்ல, தொடக்கம். அறிந்தபின் அவரை வழிநடத்த வேண்டும். தரமற்ற நூல்களுக்கு அடுக்கில் இடமே கிடையாது. வருகிற எல்லாரையும் திருப்திப்படுத்துவதும் நூலகத்தின் வேலை அல்ல. உண்மையான வாசகர்கள் சிலராக இருந்தாலும் அவர்களுக்கு ஆழமாகப் பணி செய்தால் போதும்.

எதிரணி சும்மா இருக்கவில்லை. லாடெவிக் 1912-ல் வெளியிட்ட நூலில் பெரிய, திறமையான, எல்லாருக்கும் பொதுவான நூலகத்தை முன்வைத்தார். ஸ்டெட்டின் நகர நூலகத்தின் தலைவர் எர்வின் ஆக்கர்க்நெக்ட் ஹோஃப்மானின் முதன்மை எதிராளி ஆனார். எளிய கதையில் தொடங்குபவர் படிப்படியாக மேலே ஏறிப் படிப்பார், ஆகவே ஏணியின் கீழ்ப்படியை உருவக் கூடாது என்று அந்த அணியில் பலர் நம்பினார்கள். அப்படி யாரும் தானாக ஏறிவிடுவதில்லை என்பது ஹோஃப்மானின் பதில். லைப்சிக் அணி, ஸ்டெட்டின் அணி என்று இதழ்களிலும் மாநாடுகளிலும் வாதம் நீண்டது. முதல் உலகப்போர் வந்து போனது, வாதம் ஓயவில்லை.

இங்கே ஹோஃப்மானின் அறிவியலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவருடைய பதிவுகள் உண்மையில் எதை அளந்தன? முதலாவதாக, எடுத்துப் போவது படிப்பதாகாது. அம்மா பெயரில் எடுத்ததை மகன் படித்திருக்கலாம். யாருமே படிக்காமலும் திரும்பியிருக்கலாம். இது சிறிய பிழை. பெரிய பிழை அடுக்கிலேயே இருந்தது. மலிவான தொடர்கதைகளை முன்பே விலக்கிவிட்ட நூலகத்தில் மக்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பது, அவர்களுடைய ரசனையை அளப்பதாகாது. நூலகர் தேர்ந்தவற்றுள் அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பது மட்டுமே தெரியும். விலக்கப்பட்டதைத் தேடி வந்து வெறுங்கையோடு திரும்பியவர் கையேட்டில் ஏறவே மாட்டார். அட்டவணையின் காலிக் கட்டம் 'விருப்பமில்லை' என்று சொல்கிறதா, 'இல்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்று சொல்கிறதா என்பதைப் பிரிக்க வழியில்லை.

மூன்றாவது பிழை மேசையில். நூலகரோடு பேசித்தான் புத்தகம் வாங்க முடியும் என்றால், வாசகர் கேட்டது எது, நூலகர் கையில் திணித்தது எது? தான் சிபாரிசு செய்ததையே பிறகு தரவாக எண்ணி, பாருங்கள், இவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று சொல்லும் ஆபத்து அதில் உண்டு. அடுக்கில் ஒரு முறை, மேசையில் ஒரு முறை என்று அளப்பவரின் கை அளவைக்குள் இருமுறை நுழைந்துவிட்டது.

இன்றைய பரிந்துரை நிரல்களுக்கும் இந்த நோய் உண்டு. நிரல் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் நாம் சொடுக்க முடியும். சொடுக்கியதை வைத்துத்தான் நிரல் மறுபடி கற்கிறது. சுற்று இறுகிக்கொண்டே போகும். இதை உடைக்க, சிலருக்குச் சில நேரம் குருட்டுவாக்கில் எதையாவது காட்டிப் பார்க்கும் முறைகளைப் பொறியாளர்கள் கையாள்கிறார்கள். நூலகத்தில் அந்தக் குருட்டுவாக்குக்குப் பெயர் திறந்த அடுக்கு. லண்டனின் கிளெர்கன்வெல் பகுதியில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் 1894-லேயே வாசகர்களை அடுக்குகளுக்கு நடுவே உலவவிட்டார். புத்தகங்கள் திருட்டுப் போகும், ஒழுங்கு குலையும் என்று சக நூலகர்கள் பதறினார்கள். தேடி வந்ததற்குப் பக்கத்தில் தேடாத ஒன்று கண்ணில் படுவது அந்த நடையில்தான். ஆனால் எடுத்துப் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்த புத்தகம் எந்தச் சீட்டிலும் பதியாது. ஹோஃப்மானுக்குத் தரவு கிடைத்ததே அடுக்கு மூடியிருந்ததால்தான்.

பட்டியல் யார் கையில்

1933 வந்தது. ஹிட்லர் ஆட்சியில் தன் கொள்கைக்கு இடம் கிடைக்கும் என்று ஹோஃப்மான் எதிர்பார்த்தார். புதிய ஆட்சியோடு ஒத்துப்போக முயன்றார். பலன் இல்லை. 1937-ல் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அதே 1933-ன் வசந்த காலத்தில் பெர்லினில் வோல்ஃப்காங் ஹெர்மான் என்ற இளம் நூலகர் பொது நூலகங்களிலிருந்து அகற்ற வேண்டிய நூல்களின் பட்டியலைத் தயாரித்தார். மே 10 இரவு மாணவர்கள் நெருப்பில் எறிந்தவற்றுக்கு அந்தப் பட்டியல் வழிகாட்டியது. எரித்தவர்கள் மாணவர்கள், எதை எரிப்பது என்று வகைப்படுத்திக் கொடுத்தது நூலகத் தொழிலின் கைத்திறன். பெர்லினின் நொய்கோல்ன் பகுதி நூலகங்களை வளர்த்த ஹெலேன நாதான், யூதர் என்பதால் அந்த ஆண்டே வேலையை இழந்தார்; 1940-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஹோஃப்மானின் மேசையிலிருந்து அந்த நெருப்புக்கு நேர்கோடு போட்டால் அது நியாயமாகாது. அவர் பொறுக்கியது இலக்கியத் தரம் பார்த்து. எந்தப் புத்தகத்தையும் அவர் எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் மக்கள் எதைப் படிக்கக் கூடாது என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் தீர்மானிக்கலாம் என்பது ஒரு துறையில் பழக்கமாகிவிட்டால், மேசைக்குப் பின்னால் ஆள் மாறும்போது அதைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. வாசகர் அடுக்குக்குள் போக முடியாத நூலகத்தில், எது காணாமல் போனது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஹோஃப்மான் 1952-ல் லைப்சிக்கில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954-ல், மேற்கு பெர்லினில் அமெரிக்க நிதியில் எழுந்த நினைவு நூலகம் திறந்த அடுக்குகளோடு கதவு திறந்தது. ஜெர்மனியின் பொது நூலகங்கள் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தன. அணிச்சண்டையின் இரு தரப்பையும் காலம் கடந்து போய்விட்டது.

ஆனால் அவர் விட்டுப்போன கையேடு தொடர்கிறது, கணினிக்குள். ஒருவர் எடுத்த எல்லாவற்றையும் நினைவில் வைப்பது இன்று செலவில்லாத காரியம். ஆனால் நூலகத் துறை எதிர்த் திசையில் நடந்தது. வாசகரைப் பற்றித் தெரியவரும் அந்தரங்கத்தைக் காப்பது நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே நெறியாக எழுதிவைத்தது. புத்தகம் திரும்பியதும் எடுத்தவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள தொடர்பை அழித்துவிடும்படி பல நூலகங்களின் மென்பொருள்கள் இன்று அமைக்கப்படுகின்றன. பெயரை நீக்கினாலே போதும் என்று நினைப்பதும் தவறு. நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட தரவில் பெயர்கள் இல்லை. இருந்தும், சில படங்களின் மதிப்பெண்களும் அவற்றைக் கொடுத்த தேதிகளும் ஏறக்குறையத் தெரிந்தால் ஆளை அடையாளம் காணலாம் என்று அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-ல் நிறுவினார்கள். அட்டவணை அவ்வளவு வெறுமையாக இருப்பதே காரணம்: இரண்டு பேரின் வரிசைகள் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

யார் எதைப் படிக்கிறார்கள் என்ற கேள்வியை ஹோஃப்மான் உண்மையான ஆய்வுக் கேள்வியாக மாற்றினார். படிப்பறிவு குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வாசிப்பையும் ஒரு பொருட்டாக மதித்துப் பதிவு செய்தார். அந்தப் பெருமை அவருக்கு நிலைக்கும். யார் எதைப் படிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்குத் தரவில் விடை கிடையாது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதுதான் அவர் பிழை. அடுத்த முறை ஒரு திரை நம் ரசனைக்கேற்றது என்று எதையாவது நீட்டும்போது அந்தப் பட்டியலில் இருப்பதைப் பற்றி யோசிப்பதோடு நிறுத்த வேண்டாம். அது தயாராவதற்கு முன்பு அடுக்கிலிருந்து எவை எடுக்கப்பட்டன, எடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். டிரெஸ்டன் தொழிலாளிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு இல்லை. நமக்கு இருக்கிறது.